உருண்டைச் செடியில் ஒரு ஓட்டை

நான் எதைச் சொன்னாலும் இந்தத் தெருவில் சிரிப்பார்கள். கிணற்றில் விழுந்த என் சைக்கிளை ஒரு மீன் ஓட்டிக்கொண்டு மேலே வந்தது என்று எப்போதோ சொல்லித் தொலைத்துவிட்டேன். அதில் கொஞ்சம் கூட்டல் இருந்தது வாஸ்தவம். மீன் ஓட்டவில்லை, பின்னால்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் எதிர்வீட்டு ரசமட்டத்துக்கு நடந்த இந்த விஷயத்தில் ஒரு சொல் கூட்டவில்லை. பாதி அவர் வாயால் கேட்டது, மீதி என் கண்ணால் பார்த்தது. நம்பாதவர்கள் ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து பாருங்கள். இடம் காலியாகத்தான் இருக்கிறது.

ரசமட்டம் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கட்டட மேஸ்திரியாக இருந்தவர். சுவர்மேல் வைத்து மட்டம் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அந்தக் கருவி வேலையை விட்ட பிறகும் அவர் கையை விட்டுப் போகவில்லை. டீக்கடையில் கிளாஸை வைத்தால் டீயைப் பார்க்க மாட்டார். மேஜையைப் பார்ப்பார். "ரெண்டு நூல் இறக்கம், கால் இஞ்ச்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். ஒரு தடவை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உன் இடது காது கொஞ்சம் கீழ இருக்குய்யா" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கண்ணாடி முன்னால் நிற்கவே பிடிப்பதில்லை.

"கண்ணு பொய் சொல்லும்யா. நூலு சொல்லாது." ஆயுசு முழுக்க அவர் பேசின பேச்சு இதுதான்.

அப்படிப்பட்ட மனுஷன், போன வருஷம் மனைவி இறந்த பிறகு எதையும் அளப்பதை விட்டுவிட்டார்.

அந்த அம்மாள் ரொம்பக் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அதற்காகவே இவர் ஒரு பலகை செய்து கொடுத்திருந்தார். முன்னறை ஜன்னலோரம் கைவைத்த மர நாற்காலி, கீழே அந்தப் பலகை. அங்கே உட்கார்ந்துதான் அம்மாள் துணி தைப்பார். வேலை முடிந்து இவர் கேட்டைத் திறக்கும்போது ஜன்னலில் ஒரு தலை தெரியும். அது தெரிந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது கேட்டைத் திறந்தால் செடிதான் தெரிந்தது. அம்மாள் வைத்த செடிகள். கவனிக்க ஆளில்லாமல் ஜன்னலை மூடி, நடைபாதையை மூடி, கேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே இவர் மட்டும். டீ போட்டால் கை தன்னால் இரண்டு பேருக்குப் போட்டுவிடும். ஒன்றைக் குடிப்பார். இன்னொன்றை ஆறின பிறகு ஊற்றுவார். சில நாள், பால் பாக்கெட் போடுகிறவரிடம் "ஒண்ணு போதும்" என்று சொல்வதுதான் அன்றைக்கு அவர் பேசின மொத்தப் பேச்சு.

ஒரு திங்கட்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வரோம்."

"வாயேன். உன் வீடுதானே."

"பாத்துட்டுப் போக வரலப்பா. உங்களைக் கூட்டிட்டுப் போக வரோம்."

"எங்க?"

"எங்க வீட்டுக்குத்தான். பின்னாடி சின்ன ரூம் இருக்கில்ல. வாஷிங் மெஷினை நகர்த்திட்டா ஒரு கட்டில் போடலாம்."

மகள் வீடு ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஏழாவது மாடி.

"எனக்கென்ன இங்க குறைச்சல் பாப்பா?"

"போன தடவை வாசல்ல கால் வைக்க முடியல. செடி வந்து மூஞ்சியில அடிக்குது. வாசலே இப்படின்னா உள்ள நீங்க எப்படி இருப்பீங்க? ஒத்தையில உங்களால முடியலப்பா. ஒத்துக்கோங்க."

"வாசல் சரியா இருந்தா?"



"இருந்தா... பாக்கலாம்."

அந்தப் "பாக்கலாம்" போதும் அவருக்கு. மறுநாள் காலையில் நர்சரிக்காரர் முன்னால் போய் நின்றார். நடைபாதையின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் செடிவேலி வேண்டும். ஜன்னலடிச் செடி மட்டமாக வேண்டும். நடுவில் இருக்கிற பெரிய புதர் பந்து மாதிரி உருண்டையாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள்.

"ஜன்னலடிச் செடியை ஒரேயடியா இறக்கிடாதீங்க பெரியவரே" என்றார் நர்சரிக்காரர். "உள்ள வெறும் குச்சிதான் இருக்கும். மொட்டை அடிச்ச மாதிரி ஆயிடும். பாதி ஜன்னலோட நிறுத்துங்க. மிச்சத்தை அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"உருண்டை?"

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. கண்ணளவுல வெட்டுங்க."

"கண்ணளவா..." என்றார் ரசமட்டம். ஏதோ தப்பான வார்த்தை பேசிவிட்டவரைப் பார்க்கிற மாதிரி நர்சரிக்காரரைப் பார்த்தார். செடி வெட்டுகிற பெரிய கத்தரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்கே வேலை ஆரம்பம். இரண்டு முளை அடித்து, நூல் கட்டி, நூலில் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நின்ற பிறகுதான் முதல் இலை விழுந்தது. நான் என் வாசல் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

"என்னய்யா, செடிக்குமா மட்டம்?"

"உன் காதுக்குத்தான் பாக்க முடியல. செடிக்காவது பாக்கறேன்."

ஒரு வருஷத்தில் அவர் கிண்டல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலத்துக்குள் ஜன்னலடிச் செடி முடிந்தது. பாதி ஜன்னல் உயரம், மேலே ஒரு தட்டு வைத்தால் தண்ணீர் தளும்பாது. அவ்வளவு மட்டம். தழையை எல்லாம் கூட்டி அள்ளினார். கத்தரியைத் துடைத்து முன்னறை ஆணியில் மாட்டினார். ரொட்டி வாங்கக் கடைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது செடியில் ஒரு பள்ளம்.

நடுவில். உள்ளங்கை அகலம். கேக்கில் ஒரு துண்டு எடுத்த மாதிரி.

நேராகத் தெருவைக் கடந்து என்னிடம் வந்தார்.

"நீதானே?"

"நான் எந்திரிக்கவே இல்லய்யா. முழங்கால் வலி."

"ஆடு வந்துதா?"

"ஆடு இவ்ளோ நேர்த்தியா வெட்டினா நான் என் தலைமுடியை அதுகிட்டயே கொடுத்திருப்பேனே."

அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்ப் பள்ளத்துக்குக் கீழே குனிந்து தேடினார். வெட்டின தழை ஒன்றுகூடத் தரையில் இல்லை.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஆடு தின்றிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லிவிட வேண்டியது என் கடமை.

மறுநாள் உருண்டை. வளைவு கட்டும்போது கீழே முட்டுக்கொடுக்க வளைவாகப் பலகை அறுப்பார்கள் இல்லையா, அதே மாதிரி ஒரு பிறை வடிவப் பலகை அறுத்தார். அதைப் புதர்மேல் சாத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் வெட்டி, பலகையைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி வெட்டி... சுற்றி வந்தார். மதியத்துக்குள் ஒரு பச்சைப் பந்து நின்றது. உயரம் அவர் மார்பளவு. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தபால்காரர் தொட்டுப் பார்த்தார். உருண்டு போய்விடுமோ என்று பயந்துதான் தொட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ரசமட்டம் உள்ளே போய்க் கத்தரியை ஆணியில் மாட்டினார். முன்னறை நாற்காலி அடியில் இருந்த பலகை சுவரோரம் தள்ளிக் கிடந்தது. காலால் பழைய இடத்துக்கு நகர்த்தினார். பின்னறையில் போய்ப் படுத்தார். கண் அசந்தது.

சத்தம் கேட்டுத்தான் விழித்தார்.

சரக்...

சரக்... சரக்...

தெருவில் யாரோ செடி வெட்டுகிறார்கள் என்று நினைத்தார். புரண்டு படுத்தார். அப்புறம்தான் உறைத்தது. சத்தம் தெருவிலிருந்து வரவில்லை.

முன்னறையிலிருந்து வந்தது.

எழுந்து போனார். முன்னறையில் யாரும் இல்லை. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி. கத்தரி ஆணியில்தான் தொங்கியது. லேசாக ஆடிக்கொண்டு. தொட்டுப் பார்த்தார். துடைத்து மாட்டின கத்தரி... வாயெல்லாம் பச்சை ஈரம்.

பலகை மறுபடியும் சுவரோரம் தள்ளிக் கிடந்தது.

வெளியே போனார்.

உருண்டையில் ஒரு ஓட்டை. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரை போகிற ஓட்டை. கைமுட்டி நுழைகிற அளவு. உள்ளே கை விட்டுப் பார்த்தார். குழாய் போல வழவழப்பு. ஒரு இலைகூடக் கசங்கவில்லை. ஒரு குச்சிகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நாற்பது வருஷம் வேலை செய்த கை அது. இப்படி ஒரு வேலை தன்னால் செய்ய முடியாது என்று அந்தக் கைக்குத் தெரிந்தது.

மற்றவனாக இருந்தால் அந்த இடத்திலேயே அலறியிருப்பான். மேஸ்திரி என்ன செய்வார்? நூல் பிடிப்பார். ஓட்டை என்று ஒன்று இருந்தால் அது எங்கிருந்தோ எங்கேயோ போகிறது. நூலை ஒரு குச்சியில் கட்டி ஓட்டைக்குள் விட்டார். இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

ஒரு முனை, கேட்டின் தாழ்ப்பாளில் போய் நின்றது.

மறுமுனை, ஜன்னலடிச் செடியின் பள்ளத்துக்குள் அச்சாகப் புகுந்து, ஜன்னல் கம்பியைத் தொட்டது. கம்பிக்குப் பின்னால் நாற்காலி.

புரிந்துவிட்டது.

அவர் அழவில்லை என்றுதான் என்னிடம் சொன்னார். நூலை விடாமல் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாராம். எவ்வளவு நேரம் என்று தெரியாதாம். கடைசியில் ஜன்னலைப் பார்த்துப் பேசினாராம்.

"கேட்டு மறைக்குதுன்னா வாயால சொல்ல வேண்டியதுதானே. நானே வெட்டியிருப்பேனே."

மண்ணைத் தட்டிக்கொண்டே மறுபடி பேசினாராம்.

"பாப்பா ஞாயித்துக்கிழமைதான் வருவா. அதுவரைக்கும் கழுத்தை நீட்டிட்டு உட்காராத. வலிக்கும்."

நூல் ஜன்னல் கம்பிவரைதான் வந்தது. கம்பியைத் தாண்டி நாற்காலிவரை இழுத்து அளந்திருக்கலாம். எப்போதும் அளப்பவர். ஆனால் அன்றைக்கு அளக்கவில்லை. கண்ணாலேயே பார்த்தார். அவள் உட்காருகிற உயரம்தான் என்று கண் சொன்னதை நம்பினார். ஆயுசில் ஒரே ஒரு தடவை.

அந்த வாரம் அவர் சந்தோஷமாக இருந்தார். இதை நானே பார்த்தேன். டீ இரண்டு போட்டார். ஒன்றை நாற்காலி பக்கத்தில் வைத்தார். நடைபாதை ஓரச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி என்னென்னவோ பேசினார். கடைக்குப் போனால், "போயிட்டு வந்துடறேன்" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருஷமாக அவர் அப்படி யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

"யாருகிட்டய்யா பேசற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வீட்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கும் வீட்டில் பேச ஆள் கிடையாது. வருஷக்கணக்காக இல்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் இடித்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

காலுக்குப் போட்ட பலகை தினமும் சுவரோரம் போய்க் கிடந்தது. கால் தொங்கினாலும் இப்போது வலிப்பதில்லை போல, பலகை வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

நாற்காலி முனகியது. அம்மாள் உட்கார்ந்தால் அது சத்தமே போடாது. இப்போது பின்னறையில் படுத்திருந்தாலும் கேட்கும்.

கிர்ர்ர்...க்.

போன இடத்தில் நல்லா கவனிக்கிறார்கள் போல, உடம்பு போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

டீ மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு அவரிடம் சமாதானம் இல்லை. அந்த அம்மாள் டீயை ஒருநாளும் ஆறவிட்டவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள். அம்மா மாதிரியே குள்ளம், அம்மா மாதிரியே நடை. பின்னால் மாப்பிள்ளை. நல்ல வளர்த்தி. எந்த வீட்டுக்குப் போனாலும் நிலையில் இடித்துக்கொள்கிற ஆள்.

மகள் கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா... இதெல்லாம் நீங்களா?"

"பின்ன, ஆளா வெச்சேன்?"

நடைபாதையின் இரண்டு பக்கமும் கோடு கிழித்த மாதிரி வேலி. நடுவில் பச்சைப் பந்து. மாப்பிள்ளை அதைச் சுற்றி வந்தார்.

"மாமா, இந்த ஓட்டை டிசைனா?"

"காத்து போறதுக்கு மாப்பிள்ளை."

"சூப்பரா இருக்கு. எங்க ஆபீஸ் வாசல்ல இருக்கற செடியை வந்து பாத்தீங்கன்னா அழுதுடுவீங்க."

மகள் செடியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். சட்டை துவைத்துப் போட்டிருந்தார். முகத்தில் களை இருந்தது. கேட்டில் வைத்தே சொல்லிவிட்டாள்.

"சரிப்பா. நீங்க இங்கயே இருங்க. நான் இனிமே வற்புறுத்த மாட்டேன்."

"நான் ஒத்தையில இல்ல பாப்பா" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். "செடி இருக்கில்ல, பொழுது போயிடும்" என்றார்.

உள்ளே போனார்கள். மகள் முன்னறையில் நின்று சுற்றிப் பார்த்தாள். நாற்காலியில் கண் நின்றது.

"இதை ஏம்ப்பா திருப்பிப் போட்டீங்க?"

"எதை?"

"அம்மா நாற்காலியை. ஜன்னலைப் பாத்து இருக்கு."

"அம்மா எப்பவும் அப்படித்தானே உட்காருவா. கேட்டைப் பாத்துக்கிட்டு."

மகள் சிரித்தாள். "நீங்க வீட்ல எங்க இருந்தீங்க பாக்கறதுக்கு? அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவா. ஊசியில நூல் கோக்க வெளிச்சம் பின்னாடி இருந்து வரணும்பா. எனக்குத் தையல் சொல்லித் தந்ததே அப்படி உட்கார வெச்சுத்தான்."

ஜன்னலில் தினமும் தெரிந்த தலை... அது பின்தலை.

இப்போது மகளைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். அப்படித்தான் இருக்கும். அப்படி ஒரு சமாதானத்தை அவர் மனசுக்குள் தேடி எடுத்துக்கொண்டிருக்கும்போதே மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. ஆட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள்.

"இங்கருந்து கேட்டே தெரியலயேப்பா. வெறும் செடிதான் தெரியுது."

"பள்ளம் இருக்கு பாரு. அது வழியா."

"பள்ளம் மேல இருக்குப்பா. எனக்கு எட்டல."

ரசமட்டம் நாற்காலி பக்கத்தில் வந்தார்.

"எந்திரி" என்றார்.

அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்தார். நிமிர்ந்தார். செடி. இன்னும் நிமிர்ந்தார். செடி. பள்ளம் அவர் புருவத்துக்கு மேலே இருந்தது.

"மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் உட்காருங்க."

மாப்பிள்ளைக்கு விளையாட்டாக இருந்தது. உட்கார்ந்து கழுத்தை நீட்டினார். "எனக்கும் ஓட்டை தெரியல மாமா. இன்னும் ஒரு ஜாண் வேணும். யாருக்கு இந்த அளவு வெச்சீங்க?"

ரசமட்டம் நூலை எடுத்தார்.

ஓட்டை வழியாக விட்டார். பள்ளத்தில் வைத்தார். கம்பிக்கு நடுவே உள்ளே இழுத்தார். இழுத்து, முதல் தடவையாக, நாற்காலி வரை கொண்டுவந்தார்.

மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போதே.

நூல் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே போனது.

உச்சித் தலைக்கும் மேலே. அங்கேதான், இத்தனை நாளாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கு, கண்.

"என்னப்பா அளக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"நாங்க வந்த நேரத்துலயுமா நூலு?"

"வேலை செஞ்ச கை. சும்மா இருக்காது."

அவர்கள் டீ குடித்தார்கள். கிளம்பினார்கள். அவரும் கேட் வரைக்கும் போனார். என்னையும் கூட்டிட்டுப் போ பாப்பா... அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் இங்கேயே இருப்பேன் என்று வாரம் முழுக்க வாசலை வெட்டி வெட்டி வாதாடி ஜெயித்திருக்கிறார். எந்த வாயால் சொல்வார்? மகள் கார் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, அவர் கன்னத்தைத் தொட்டாள். கார் திருப்பத்தில் மறைந்தது.

திரும்பி வீட்டைப் பார்த்தார்.

தாழ்ப்பாளுக்கு நேராகக் குனிந்தால் ஓட்டை வழியாக ஜன்னல் தெரியும். முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்தார். ஓட்டைக்குள் வட்டமாக வெளிச்சம்.

வெளிச்சம் மறைந்தது.

வந்தது.

மறைந்தது.

அவர் உள்ளே போகவில்லை. தெருவைக் கடந்து வந்து என் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். குரல் மட்டமாகத்தான் இருந்தது. கடைசியில் மட்டும் கொஞ்சம் சாய்ந்தது.

"நாலு நாளா அதுகிட்டதான்யா பேசிட்டிருந்தேன். போயிட்டு வரேன்னு... சொல்லிட்டு வேற போனேன்."

"அது மகளைப் பாக்கக் காத்திருக்கலயா?"

"தாழ்ப்பாளைத்தான் பாத்துக்கிட்டிருந்துது. தாழ்ப்பாளை யாரு தினமும் திறக்கறா?"

அன்றைக்கு அவர் என் வீட்டுக் கூடத்தில் படுத்தார். இரண்டு பேரும் தூங்கவில்லை. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

சரக் என்று மட்டும்... ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.

விடிந்ததும் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம்.

பழைய ஓட்டை அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக இரண்டு. ஜன்னலடிச் செடியிலும் இரண்டு பள்ளம். தரையில் ஒரு இலை இல்லை.

ரசமட்டம் நூல் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். புது ஓட்டைகளில் ஒன்றின் நூல் என் சிமெண்ட் பெஞ்சில் வந்து நின்றது. அவர் உட்கார்ந்திருந்த இடம்.

அங்கேயே நின்றபடி அவர் மகளுக்கு போன் செய்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"பாப்பா... அந்த வாஷிங் மெஷினை நகர்த்திடறீங்களா?"

அன்று மதியமே போய்விட்டார். கத்தரியைக்கூட எடுக்க உள்ளே போகவில்லை. ஏழாவது மாடியில் செடி எதுவும் கிடையாதாம், நன்றாகத் தூக்கம் வருகிறதாம். ரசமட்டத்தை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இனி அளக்க ஒன்றுமில்லை என்றார்.

எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. மழை பெய்தது. செடி எல்லாம் தளதளவென்று வளர்ந்து நடைபாதையை மறுபடி மூடிவிட்டது. கேட்டுக்கு நேரான ஓட்டையில் இலை துளிர்த்துத் தூர்ந்துவிட்டது. அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேரான ஓட்டையும் தூர்ந்துவிட்டது.

மூன்றாவதற்கு நாங்கள் நூல் பிடிக்கவில்லை. அவர் பிடிக்கப் போனார், நான்தான் வேண்டாம் என்றேன். அன்றைக்குப் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அது தூரவில்லை. தினமும் பார்க்கிறேன்.

விளிம்பில் இலை கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. இப்போதுதான் வெட்டின மாதிரி.